செத்தவள் காப்பி குடித்த புத்தகமும் நஞ்சன்கூடு பாசஞ்சரும்

மைசூருக்குப் போகிறவர்கள் அரண்மனை பார்க்கப் போவார்கள், மலையேறிச் சாமி கும்பிடப் போவார்கள். நான் ஒரு மன்னிப்புக் கடிதத்தை எழுத முடியாது என்று சொல்வதற்காகப் போனேன். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு பங்குனி ஞாயிற்றுக்கிழமை. தமிழ்ப் புத்தகம் தேடி மைசூர் போக நினைக்கும் வாசகர்களுக்கு வழியும் சொன்னதாகும், என் வயிற்றெரிச்சலும் தீரும் என்று இதை எழுதுகிறேன்.

எங்களுக்குச் சொந்த ஊர், கர்நாடக எல்லையோரம் ஹனூர்ப் பக்கம். அப்போது நானும் என் வீட்டுக்காரரும் நஞ்சன்கூட்டில் ஓர் ஆலையில் வேலை. நான் பொட்டலம் கட்டும் பிரிவு. சுற்றிலும் கன்னடம். என் மகள்கூட என்னைக் கன்னடத்தில்தான் திட்டுவாள். கண்ணில் தமிழ் எழுத்துப் படவேண்டுமானால் எனக்கு இருந்தது ஒரே ஒரு அட்டை. மைசூரில் தேவராஜ மொஹல்லா என்கிற பேட்டையில், பாத்திரக் கடை மாடியில் தமிழர் சங்கம் ஒன்று நடத்திய நூலகத்தின் உறுப்பினர் அட்டை. வெளியூர்க்காரர்களுக்கு மாதம் ஐந்து புத்தகம். அந்த ஐந்தை வைத்துக்கொண்டுதான் முப்பது நாளை ஓட்டினேன்.

எனக்கு ஒரு பழக்கம். படித்து முடித்ததும் கடைசி வெற்றுப் பக்கத்தில், அடுத்து எடுப்பவருக்காகப் பென்சிலால் நாலு வரி எழுதிவிடுவேன். அதைப் பிடிக்காத யாரோ புகார் செய்திருக்கிறார்கள். சங்கத்தின் கௌரவச் செயலாளரிடமிருந்து தபால் அட்டை வந்தது. ஞாயிறன்று வந்து எல்லாக் கிறுக்கலையும் ரப்பரால் அழிக்க வேண்டும், மன்னிப்புக் கடிதம் தர வேண்டும், இல்லாவிட்டால் உறுப்பினர் அட்டை ரத்து. என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். என் பையில் புது ரப்பர் ஒன்றை வைத்தார்.

நஞ்சன்கூட்டிலிருந்து மைசூர் இருபத்தைந்து கிலோமீட்டர். பேருந்தில் ஆறு ரூபாய், முக்கால் மணி நேரம். சாமராஜநகரிலிருந்து வரும் பாசஞ்சரில் நான்கு ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். அவசரமில்லாதவர்கள் ரயிலில் போங்கள். நான் எட்டே முக்கால் வண்டியில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த மாதத்து ஐந்து புத்தகங்களையும் மடியில் அடுக்கினேன். எதையாவது அழிக்கலாமா என்று பார்க்கத்தான்.

முதலாவது தடித்த சரித்திர நாவல். முதல் பக்கத்தில் குதிரையேறிய வீரன் முந்நூறாம் பக்கம் வரை இறங்கவில்லை. 'குதிரைக்கு யாரும் தண்ணீர் காட்டவில்லை' என்று எழுதியிருந்தேன். உண்மைதானே, ஏன் அழிக்க வேண்டும்? இரண்டாவது சமையல் புத்தகம். அதில் சொன்ன அளவில் வத்தக்குழம்பு வைத்து, புளிப்பில் வீட்டில் மூன்று பேருக்கும் பல் கூசிப்போனது. 'எழுதியவர் இதைச் சாப்பிட்டுப் பார்த்தாரா?' நியாயமான கேள்வி. மூன்றாவது துப்பறியும் பாக்கெட் நாவல். 'கடைசித் தாள் கிழிந்துவிட்டது. மூன்றாம் பக்கத்திலேயே கொலைகாரன் தெரிந்துவிடுவதால் பரவாயில்லை.' இதற்கு எனக்கு நன்றியல்லவா சொல்ல வேண்டும்! நான்காவது, ஒரு செவிலியர் தன் வேலையைப் பற்றி எழுதிய ஒல்லிப் புத்தகம். ஆலையில் சாப்பாட்டு இடைவேளையில் படித்துவிட்டு, சாப்பிடாமல் அழுதேன். 'இதை எடுக்காதவர்களுக்கு அட்டை எதற்கு?' என்று எழுதியிருந்தேன். இப்போதும் அதைத்தான் எழுதுவேன்.

வம்பு ஐந்தாவதில் இருந்தது. வாரப் பத்திரிகைத் தொடர்கதையின் தாள்களைக் கத்தரித்துச் சேர்த்து பைண்டு செய்த புத்தகம். நம் ஆட்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு, தெரியுமல்லவா. முதல் பக்கத்தில் 'அன்பளிப்பு: கௌரவச் செயலாளர்' என்று அவர் கையெழுத்து. கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து: 'ஆரம்பத்திலேயே செத்துப்போன கதாநாயகி, நாலு தாள் தள்ளிக் காப்பி குடிக்கிறாள். பிறகு அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். யாருமே கவனிக்கவில்லையா?' இதையாவது அழித்துவிடு என்று மனசு சொன்னது. ரப்பரைக் கையில்கூட எடுத்தேன். கடகோளா ஸ்டேஷன் தாண்டியதும் பையிலேயே போட்டுவிட்டேன்.

மைசூர் நிலையத்திலிருந்து தேவராஜ மார்க்கெட் நடந்தே இருபது நிமிடம். ஆட்டோக்காரர் பத்து ரூபாய் கேட்டார். என் கால் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அந்த ஐந்தாவது புத்தகத்தின் அட்டைக்குள் பைண்டரின் சீட்டு ஒட்டியிருந்தது. தாள் மாறியிருக்குமோ என்ற சந்தேகத்தில், முதலில் மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் இருந்த அவர் கடைக்குப் போனேன். அவர் கன்னடக்காரர், தமிழ் படிக்கத் தெரியாது. புத்தகத்தை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். குறை சொல்ல வந்திருக்கிறேன் என்றதும் அவருக்குக் கோபம். கலைந்துபோய் வந்த கட்டு, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து நம்பர்படி அடுக்கினேன், ஒரு நம்பர் தப்பென்று காட்டுங்கள் பார்ப்போம் என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் அடுக்கியது பத்திரிகையின் பக்க எண்படி! எல்லா வாரத்து ஒன்பதாம் பக்கங்களும் ஒரே கொத்தாக, பிறகு எல்லா வாரத்துப் பதினொன்றாம் பக்கங்களும். அவர் கணக்கில் அது துல்லியமான வேலை. விஷயத்தைச் சொன்னதும் தலையைச் சொறிந்தார். வரிசைப்படி அடுக்கிக் கொண்டுவந்தால் காசில்லாமல் தைத்துத் தருவதாகச் சொன்னார்.

பதினொரு மணிக்கு மாடியேறினேன். செயலாளர் விஜயநகர் பகுதியிலிருந்து ஸ்கூட்டரில் வருபவர், ஓய்வுபெற்ற அதிகாரி, இஸ்திரி கலையாத சட்டை. மேசையைச் சுற்றி நான்கு உறுப்பினர்கள் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்கள். என் முன்னால் வெள்ளைத்தாள் ஒன்றை வைத்துவிட்டு, அவர் ஐந்து புத்தகங்களின் கடைசிப் பக்கத்தையும் பார்த்தார். ஐந்தாவதில் முகம் சிவந்துவிட்டது.

"இந்த புக்கை இதுவரைக்கும் இருபத்திரண்டு பேர் எடுத்திருக்காங்கம்மா. அத்தனை பேரும் சூப்பர்னாங்க. உங்களுக்கு மட்டும்தான் கிண்டலா?"

"ஏனுங் சார், பத்தாம் பக்கத்துக்கு அப்புறம் என்ன பக்கம் வருதுன்னு கொஞ்சம் பாருங்கோ."

புரட்டினார். ஒன்பது. பத்து. மறுபடி ஒன்பது. மறுபடி பத்து. இன்னும் புரட்டினார். மேசையில் இருந்த நால்வரில் மூன்று பேர் அந்தப் புத்தகத்தை எடுத்தவர்கள். மூவருக்கும் அன்றைய செய்தி திடீரென்று ரொம்ப முக்கியமாகிவிட்டது.

அறுபது வாரம் தானே கத்தரித்துச் சேர்த்ததாம். பைண்டிங் ஆகி வந்ததும் திறக்காமலே அலமாரியில் வைத்துவிட்டாராம். மெதுவாகத்தான் சொன்னார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. இருபத்திரண்டு பேர் முகத்துக்கு நேரே புளுகியிருக்கிறார்கள், யாருக்குத்தான் வலிக்காது? ஆனாலும் அந்த வெள்ளைத்தாள் இன்னும் என் முன்னால்தான் இருந்தது.

"லெட்டர்?" என்றார்.

"எழுத மாட்டனுங்க. படிக்காமயே நல்லா இருக்குதுன்னு சொன்னவிய ஒருத்தரும் மன்னிப்புக் கேக்கலீங்க. முழுசாப் படிச்சுப்போட்டு எழுதுன நான் எதுக்குங்க கேக்கோணும்?"

அவர் என் அட்டையை வாங்கி இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். முதலில் இதைச் சரிசெய்து கொண்டுவாருங்கள், அட்டையைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றார். மற்ற நான்கு புத்தகங்களும் அலமாரிக்குப் போயின, புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. அழுகையை ரயிலேறும்வரை அடக்கிக்கொண்டேன். அந்த மாதம் முழுவதும் வீட்டில் அந்த ஒரே புத்தகம்தான். தையலைப் பிரித்து, விடுமுறைப் பகல்களில் தரையில் பரப்பி, அறுபது வாரத்தையும் வாக்கியத்தோடு வாக்கியம் பொருத்தி அடுக்கினேன். என் வீட்டுக்காரர் தாள் பறக்காமல் இருக்க மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பைண்டர் சொன்ன சொல் தவறாமல் தைத்துக் கொடுத்தார்.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை நூலகம் பத்திலிருந்து ஒரு மணி வரைதான் அப்போது. இப்போது இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். திரும்புகிற பாசஞ்சர் இரண்டரைக்கு, நேரத்துக்கு வந்தால் அதிசயம். பைண்டு செய்யக் கொடுப்பதானால், ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் நீங்களே எண் போட்டுக் கொடுங்கள். முக்கியமாக, படிக்காத புத்தகத்தை நன்றாயிருக்கிறது என்று சொல்லாதீர்கள். அது மரியாதை இல்லை, சோம்பேறித்தனம்.

அடுத்த மாதம் புத்தகத்தைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். செயலாளர் எல்லாப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் பழைய வரிகளுக்குக் கீழே, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதினேன்: 'இப்போது வரிசை சரி. செத்தவள் எழுந்து வரவில்லை. அப்படியும் கதை சுமார்தான்.'

அவர் அதை இரண்டு தரம் படித்தார். இழுப்பறையைத் திறந்து என் அட்டையை எடுத்துக் கொடுத்தார்.

"வாராவாரம் படிச்சப்பவே பாதிக்கு மேல எனக்கே போர் அடிச்சுதும்மா. யார்கிட்ட சொல்றது?" என்றார்.