பெரிய அண்ணி சேமித்த படம்

என் பெரிய அண்ணிக்கு வயிற்றெரிச்சல் வந்தால் கை சும்மா இருக்காது. எங்கள் அச்சுக்கடைக்குச் சின்ன அண்ணி மருமகளாகவும் வடிவமைப்பாளராகவும் வந்து சேர்ந்ததிலிருந்து பெரியவர் கை ஓய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அதற்கு முன்பு படவேலை முழுவதும் பெரிய அண்ணியின் ராஜ்ஜியம். வாடிக்கையாளர் போனில் அனுப்பும் மங்கல் படத்தைத் திறந்து, முகத்தை வெளிச்சமாக்கி, பேனருக்குள் இறக்கி, அச்சுக்கு அனுப்புவார். "பெரியவ பாத்தாளா?" என்று கேட்காமல் அப்பா எதையும் அச்சிட மாட்டார். இப்போது அதே வாய் "சின்னவளக் கூப்பிடு" என்றது. கவுண்டரில் இருந்த எனக்கே சுருக்கென்றது. பெரிய அண்ணிக்கு எப்படி இருந்திருக்கும்?

போதாக்குறைக்குப் பெரிய அச்சு இயந்திரம் ஒன்றும் வந்தது. ஒரு மழலையர் பள்ளிக்குச் சுவர் அளவுப் பேனர், அதுதான் அதில் முதல் வேலை. நன்றாக வந்தால் இயந்திரம் சின்னவள் பொறுப்பு என்று அப்பா சொல்லிவிட்டார்.

சின்ன அண்ணி குழந்தைகளின் படத்தை ஜேபெக் கோப்பாகச் சேமித்து, பேனரோடு இணைத்து வைத்தார். படத்தில் எதை மாற்றினாலும் பேனரிலும் மாறிவிடும். அவர் சாப்பிடப் போகும்போதெல்லாம் பெரிய அண்ணி அந்தப் படத்தைத் திறப்பார். குற்றம் கண்டுபிடிக்கத்தான், வேறு எதற்கு? ஒன்றும் கிடைக்காத ஆத்திரத்தில் ஒரு பிள்ளையின் காதையோ சட்டைப் பொத்தானையோ லேசாகத் திருத்திவிட்டு, அதே பெயரில் சேமிப்பார். அந்த வகைக் கோப்பு இப்படித் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தெளிவை இழக்கும். எங்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். பொறாமை கண்ணை மறைத்துவிட்டது.

அச்சில் குழந்தைகளின் கன்னமெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது.

"என்னம்மா இது?" என்று அப்பா குதித்தார்.

"அக்கா தினமும் திறந்து சரிபாத்தாங்க மாமா. அவங்க பாத்துட்டாங்களேன்னு நான் மறுபடி பாக்கல. தப்பு என்னோடதுதான்," என்றார் சின்ன அண்ணி. குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே நம்பியிருக்கிறார்.

பெரிய அண்ணியின் முகம் செத்துப்போனது. "அவ மேல தப்பில்ல மாமா. திரும்பத் திரும்ப சேமிச்சுக் கெடுத்தது நான்தான். மெஷின அவகிட்டயே குடுங்க."

பிறகு கவுண்டருக்கு வந்து, என் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"வேலை தெரிஞ்சவளா மட்டும் இருந்தா பொறுத்துக்கலாம்டி. நல்லவளாவும் இருந்து தொலையுறாளே!"