பரமசிவம் சார் காலியாக விட்ட கட்டங்கள்

சென்ற வியாழக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் துணிக்கடை ஒன்றில் மகளுக்குப் புடவை பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆசிரியர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் செய்தி வந்தது. பரமசிவம் சார் காலமானார், மாரடைப்பு. புடவையை அப்படியே போட்டுவிட்டு கிள்ளானுக்குப் புறப்பட்டேன். இந்த இரங்கல் கூட்டத்தில், அவரோடு வேலை செய்த நீங்கள் அவருடைய பொறுமையைச் சொல்வீர்கள். நான் அவருக்குச் செய்த துரோகத்தைச் சொல்ல வேண்டும்.

கிள்ளான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு வகுப்பை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டோம். கணிதம் அவருடையது. மாதத் தொடக்கத்தில் பிள்ளைகளே ஆளுக்கொரு இலக்கு எழுதுவார்கள். சுவரில் ஒட்டிய தாளில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பத்துக் கட்டம். இலக்கில் ஒரு பகுதியைக் கற்றுச் சரியாக ஒப்பித்தால் ஒரு கட்டத்துக்கு அவர்களே வர்ணம் தீட்டலாம். சுவரில் பாதி வெள்ளையாகவே கிடக்கும். எனக்கு எரிச்சலாக வரும். "வெள்ளைக் கட்டம் அவமானம் இல்ல டீச்சர். நாளைக்கு வேலை இருக்குன்னு அர்த்தம், அவ்ளோதான் லா" என்பார்.

ஒருநாள் மேலிடத்திலிருந்து அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. பாதி வெள்ளையாகக் கிடக்கும் சுவரை அவர் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். மதியம் பள்ளி விட்டதும், சாருக்குத் தெரியாமல், காலிக் கட்டங்களுக்கெல்லாம் நானே வர்ணம் தீட்டினேன். லோரி ஓட்டுநர் மகள் தர்ஷினியின் இலக்கு ஏழாம் வாய்ப்பாடு. அவள் தீட்டியது மூன்று, நான் தீட்டியது ஏழு.

மறுநாள் வந்த பெண் அதிகாரி நேராக அவளிடம் போனார்.

"பத்தும் முடிச்சிட்டியா? கெட்டிக்காரி. சொல்லும்மா, கேட்போம்."

அவள் எழுந்தாள். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு. அதோடு நின்றுவிட்டாள். கண் சுவருக்குப் போனது, பிறகு சாரிடம் போனது. அதிகாரியோடு வந்திருந்த தலைமையாசிரியரின் முகம் கறுத்தது. நான் வாயில் கொழுக்கட்டையை அடைத்தவள் போல் நின்றேன், பாவி.

"மத்த ஏழும் அவ போட்டது இல்ல மேடம்" என்றார் சார். "மூணுதான் போட்டா. மூணும் சரியாச் சொல்லிட்டா."

யார் போட்டது என்று தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டுக் கேட்டபோது, "என் வகுப்பு, என் பொறுப்பு" என்றாராம். எச்சரிக்கைக் கடிதம் அவர் பெயருக்குத்தான் வந்தது.

அதைவிட மோசம், தர்ஷினி படிப்பதை நிறுத்திவிட்டாள். "எல்லாந்தான் நெறைஞ்சிருச்சே சார், இனி எதுக்கு?" என்றாள். ஒரு வாரம் வாய்ப்பாட்டுப் பக்கமே திரும்பவில்லை. எனக்குத் தாங்கவில்லை. சாரிடம் போய் ஒப்புக்கொண்டேன்.

"தெரியும் டீச்சர். எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவகிட்ட சொல்லுங்க."

எட்டு வயதுக் குழந்தையிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. சார் வகுப்பு வாசலில் நின்றுகொண்டார். நான் சொல்லி முடித்ததும் தர்ஷினி கேட்டாள்: "என்னால முடியாதுன்னு நெனைச்சுத்தானே போட்டீங்க டீச்சர்?"

இல்லை கண்ணு, உன் நல்லதுக்குத்தான் என்று பூசி மெழுகப் பார்த்தேன். நாக்கு நுனிவரை வந்தது. வாசலைப் பார்த்தேன்.

"ஆமா" என்றேன்.

அவள் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "புதுத் தாள் குடுங்க. மூணு கட்டம் நானே தீட்டிக்கிறேன்" என்றாள். மாத முடிவில் எட்டுக்கு வந்தாள். மீதி இரண்டையும் சார் வெள்ளையாகவே விட்டார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஓர் "ஆமா"தான். அன்று அவர் அங்கே நின்றிருக்காவிட்டால் பொய்தான் சொல்லியிருப்பேன். இனி யாரும் நிற்கப்போவதில்லை. நானாகத்தான் சொல்ல வேண்டும்.