கண்ணாடி இல்லாத படம்

எங்கள் வீட்டில் போட்டோ என்று ஒன்று கிடையாது. கல்யாணத்தில் எடுத்ததுகூட இல்லை. காரணம் நான்தான். வாலாஜாபாத்துக்குப் போகும்போதெல்லாம் என் மனைவி அங்கிருந்த ஸ்டூடியோவைப் பார்த்துக்கொண்டே நடப்பாள். "ஏங்க, கொயந்தைய ஒரு போட்டோ புடிச்சிக்கினு வந்துடலாங்க. அஞ்சு நிமிசம்" என்பாள். நான் சிரிப்பேன். "வூட்டுல ஆர்ட்டிஸ்ட வெச்சிக்கினு போட்டோக்காரன் எதிர்ல போய் நிக்கணுமா? பாக்கறவன் இன்னா நெனப்பான்?" என்பேன். அவள் பஸ் ஏறும்போது ஒரு தரம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள்.

எழுபதுகளின் கடைசி அது. உத்திரமேரூரைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு ஊருக்கு ஆர்ட்டிஸ்ட் என்றால் நான் ஒருவன்தான். தலைக்கனம் ஏற அது போதாதா.

பிழைப்பென்னவோ இரண்டு படகில் கால் வைத்த பிழைப்பு. ஒரு பக்கம் சிவகாசி. காலண்டருக்கு அம்மன், முருகன், பெருமாள் என்று வருஷத்துக்கு ஏழெட்டுப் படம் போட்டுக் கொடுப்பேன். அரிசி வந்தது அதில்தான். இன்னொரு பக்கம் எனக்காக நான் போட்டுக்கொண்ட படங்கள்: ஏரிக்கரை, நடவு, மதகடியில் துணி துவைக்கிறவர்கள். அவற்றைக் கட்டித் தூக்கிக்கொண்டு கண்காட்சிக்கென்று மெட்ராஸ் போவேன், அப்படியே தூக்கிக்கொண்டு திரும்பி வருவேன். சிவகாசி ஏஜெண்டு என் அம்மனைப் பார்த்து "மூஞ்சில இன்னும் கொஞ்சம் லட்சணம் வேணும் சார்" என்பார். மெட்ராஸ்காரர்கள் என் நடவுப் பெண்களைப் பார்த்து "லட்சணம் ஜாஸ்தி, காலண்டர் வாடை அடிக்கிறது" என்பார்கள். இரண்டு பேரையும் வாயில் வந்தபடி திட்டுவேன், வீட்டுக்குள் இருந்துகொண்டு.

காலண்டர் படங்களைப் போஸ்டர் கலரில் போடுவதுதான் வழக்கம். சீக்கிரம் காயும், பளபளக்காது, கேமராவில் சுத்தமாக விழும். ஒரே தொல்லை, எத்தனை வருஷம் ஆனாலும் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். அதனால் பிரஸ்ஸிலிருந்து ஒரிஜினல் திரும்பி வந்தால் முதல் வேலையாகக் கண்ணாடி போட்டுவிடுவேன். எனக்கு அது அனிச்சையான வேலை. யாருக்கும் காரணம் சொல்லிக்கொண்டிருந்ததில்லை.

எங்கள் மகளுக்கு ஆறு வயது நடந்த வருஷம், ஏஜெண்டு வந்து, "அம்மனைக் கொழந்தையா போட்டுக் குடுங்க, புதுசா இருக்கும்" என்றார். நான் யோசிக்கவே இல்லை. மகளைக் கூப்பிட்டு, கவிழ்த்த நெல் மரக்கால்மேல் ஏற்றி நிறுத்தினேன். அவள் அம்மாவின் பட்டுப் புடவையைச் சுற்றி, கையில் கரும்புக்குப் பதில் ஒரு முருங்கைக்காயைக் கொடுத்தேன். இரண்டாம் நாள் அந்தக் காய் குழம்புக்குப் போய்விட்டது. வேறொன்று பறித்துக் கொடுத்தேன்.

ஒன்பது நாள் நின்றாள். நின்றாள் என்று சொல்வதற்கில்லை. காலை மாற்றுவாள், தலையைச் சாய்ப்பாள், "நைனா, ஈ மொய்க்குது" என்பாள், கேள்விமேல் கேள்வி கேட்பாள். அம்மனுக்கு யார் தலை வாரிவிடுவார்கள், அம்மன் பள்ளிக்கூடம் போகுமா என்றெல்லாம். நான் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. படம் போடும்போது எனக்கு மூக்குக்குமேல் கோபம் வரும். "தலைய நேரா வை" என்று அதட்டிக்கொண்டே இருந்தேன். அம்மன் என்றால் நேராகத்தான் நிற்க வேண்டும். கோணலாக நின்றால் பிரஸ்ஸில் எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

ஆனால் முகத்தில் நான் ஒளிக்கவில்லை. இடப் புருவத்தில் கிணற்றடிக் கல்லில் விழுந்த தழும்பு இருந்தது, அதைப் போட்டேன். வலது கண் ஒரு பொட்டளவு சின்னது, அதையும் போட்டேன். அவள் நிறம் என் மனைவியின் நிறம், நல்ல மாநிறம். அதையும் அப்படியே கொண்டுவந்தேன். படம் முடிந்த அன்றைக்கு என் மனைவி வந்து பார்த்துக்கொண்டே நின்றாள். "இப்ப சொல்லு, போட்டோ வேணுமா?" என்று கேட்டேன். "வேணாங்க" என்றாள்.

மார்கழியில் காலண்டர் வந்தது. எனக்குத் தரவேண்டியதில் பாதியைப் படமாகவே வாங்கிக்கொள்வேன், கடைகளுக்கு விற்க. கட்டைப் பிரித்தவுடன் மகள்தான் முதலில் எடுத்துப் பார்த்தாள். பிரஸ்ஸில் நெகட்டிவிலேயே முகத்தைத் திருத்தியிருந்தார்கள். தழும்பு இல்லை. இரண்டு கண்ணும் ஒரே அளவு. ரோஜா நிறத்தில் கன்னம். இது எல்லாப் படத்துக்கும் நடப்பதுதான், எனக்குப் பழகிப்போன விஷயம். அவள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நைனா, இது நா இல்லியே" என்றாள். "அது அம்மன்டி. நீ ஒரிஜினல்ல கீற" என்றேன். ஓடிப்போய், கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்த ஒரிஜினல் முன்னால் நின்று, தன் புருவத்தையும் படத்தின் புருவத்தையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கண்ணாடிமேல் விரல் ரேகை பதிகிறது என்று அதற்கும் அதட்டினேன்.

அந்தப் படம் நன்றாகப் போயிற்று. வருஷம் முடியும்வரைகூடக் காத்திராமல் தேதிக் கட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, படத்துக்கு மட்டும் பிரேம் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. மளிகைக் கடை, சைக்கிள் கடை, ரைஸ் மில், எங்கே போனாலும் அது இருந்தது.

மாசியில் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நான்காம் நாள் திரும்பி வந்தோம். அதைப் பற்றி என்னால் இவ்வளவுதான் எழுத முடியும்.

பதினாறாம் நாள் காரியம் கழிந்து என் மனைவி என் வேலை அறைக்குள் வந்து, சுவரிலிருந்து அந்தப் படத்தைக் கழற்றிக்கொண்டு போய்ச் சாமி அலமாரியில் வைத்தாள். "அம்மன் படந்தான, சாமி கூட இருக்கட்டும்" என்றாள். எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை என்றால், தலைக்குக் குளித்துவிட்டு, சாமி படங்களையெல்லாம் ஈரத் துணியால் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். அவளும் வைத்தாள். அந்தப் படத்தைக் கடைசியாகத்தான் எடுப்பாள். மற்றதெல்லாம் ஒரு துடைப்பு, அதற்கு மட்டும் நேரம் ஆகும். பிள்ளைக்கு முகம் கழுவிவிடுகிற மாதிரி துடைப்பாள். நான் பார்த்தும் பாராததுபோல் வெளியே போய்விடுவேன்.

இரண்டு வருஷம் கழித்து மெட்ராஸ் கண்காட்சியில் எனக்கு இடம் கிடைத்தது. எண்பது, எண்பத்தொன்று வாக்கில் இருக்கும். ஆறு படம் கொண்டுவரச் சொல்லி எழுதியிருந்தார்கள். ஏரி, நடவு என்று ஐந்து எடுத்து வைத்தேன். ஆறாவதாக எதை எடுத்தாலும் கை கூசியது. அந்த ஒன்றைவிட நல்ல படம் என் கையிலிருந்து வந்ததில்லை, வரப்போவதும் இல்லை என்று எனக்குத் தெரியும். அலமாரியைத் திறந்தேன்.

"அத்த எதுக்கு எடுக்கறீங்க?" என்றாள்.

"பத்து நாள்தான். பத்தரமா கொண்டாந்துடறேன்."

"வாணாங்க. வேற எத்தினியோ கீதே."

"நாலு பேரு பாக்கட்டும்மே அவள" என்றேன். அதற்குமேல் அவள் தடுக்கவில்லை. அவளுக்கும் அந்த ஆசை இருந்திருக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இருந்ததோ என்னவோ, எனக்கு இருந்தது நிச்சயம்.

கண்காட்சி ஹாலில் பொறுப்பாக இருந்தவர் படத்தைத் தள்ளி நின்றும் கிட்டே வந்தும் பார்த்தார். "டியூப் லைட் எல்லாம் கண்ணாடியில் தெரிகிறது. முகமே தெரியவில்லை. கழற்றிவிடுங்கள்" என்றார். நானே ஆணியைப் பிடுங்கிக் கழற்றினேன். அவர் சொன்னது உண்மைதான். கண்ணாடி போனதும் மகள் எழுந்து வந்து நின்றாள். கழற்றிய கண்ணாடியை ஓரமாகச் சாய்த்து வைத்தேன். பத்தாம் நாள் தேடியபோது யாரோ காலை வைத்து உடைத்திருந்தார்கள்.

அந்தப் பத்து நாளும் என் கால் தரையில் பாவவில்லை. ஏரிப் படங்களைக் கடந்து போனவர்கள் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் இரண்டு நாள் வந்தார், இரண்டு நாளும் தழும்பைப் பற்றிக் கேட்டார். ஒரு டாக்டர் விலைக்குக் கேட்டார். கொடுக்கிறதாக இல்லை என்று சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமை. காலண்டர் வாடை என்று சொன்னவர்களில் ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். மகள் போனபிறகு நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவை. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை ஊர் திரும்பினேன். வழியில் தூறல். பஸ் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டு, அந்தப் படத்தை மட்டும் வேட்டியில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தேன். ஒரு சொட்டுப் படவிடவில்லை. வீட்டுக்குள் வந்து பிரித்துக் கொடுத்தேன். அவள் வாங்கி அலமாரியில் அதன் இடத்தில் வைத்தாள்.

"கண்ணாடி எங்க?"

"ஒடஞ்சிட்ச்சி. நாளைக்கி காஞ்சிவரம் போய் வாங்கியாந்துடறேன். இல்லன்னா தூசி பட்டுடும்" என்றேன்.

அவள் விரல் நுனியால் அந்தக் கன்னத்தைத் தொட்டாள். "கண்ணாடி இல்லாம, கிட்ட கீற மாதிரி கீதுங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் முழுக்க என் வாய் ஓயவில்லை. அந்த அம்மாள் கேட்டது, டாக்டர் கேட்டது, கையைப் பிடித்தது, எல்லாவற்றையும் இரண்டு தரம் சொன்னேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லவேண்டிய ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. தண்ணீர் படக்கூடாது என்பது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி தெரிந்த விஷயம். அது அவளுக்குத் தெரியாது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் நூலால் படத்தை அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் காஞ்சிபுரம் போனேன். கண்ணாடியை வெட்டி வாங்கி, பேப்பரில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வெள்ளிக்கிழமை என்பதால் பஸ்ஸில் கூட்டம். இடிபடாமல் வீடு வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தேன்.

அலமாரி திறந்திருந்தது. மற்றப் படங்களெல்லாம் துடைத்துப் பொட்டு வைத்துப் பளிச்சென்று இருந்தன. அவள் ஈரத் தலையோடு கீழே உட்கார்ந்திருந்தாள். கையில் துணி. துணியில் மாநிறமும் கொஞ்சம் கறுப்பும். படத்தில் நெற்றியிலிருந்து மோவாய் வரை ஒன்றுமில்லை. கிரீடம் இருந்தது, பட்டு இருந்தது, கரும்பு இருந்தது.

நான் கத்தினேன். தெரு கேட்கக் கத்தினேன். அறிவு கீதா ஒனக்கு என்றேன். பெத்தவளா நீ என்றேன். இன்னும் என்னென்னவோ. அவள் நிமிரவில்லை. நான் ஓய்ந்தபிறகு மெதுவாகச் சொன்னாள்.

"தூசி பட்டுடும்னு நீங்கதான சொன்னீங்க. மெட்ராஸ் தூசியாச்சேன்னு, கொஞ்சம் அயுத்தித் தொடச்சிட்டேங்க."

அதற்குப்பிறகு நான் அந்த முகத்தைத் திரும்பப் போட முயன்றேன். ஒரு தரம் இரண்டு தரம் இல்லை. தழும்பு வரும், சின்னக் கண் வரும், ஆனால் அவள் வரமாட்டாள். பன்னிரண்டு வருஷம் அம்மன் முகம் போட்ட கை. கண்ணை மூடினால் மகள் தெரிவாள், பிரஷ்ஷை வைத்தால் ஏஜெண்டு கேட்ட லட்சணம் வந்து நிற்கும். ஒவ்வொன்றையும் மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "இது கேலண்டருங்க" என்பாள், குற்றம் சொல்லும் குரலில் இல்லை. எட்டாவதோ ஒன்பதாவதோ காட்டியபோது அவள் பார்க்கவே இல்லை. நானும் நிறுத்திவிட்டேன். கண்காட்சிக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். சிவகாசிக்கு மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். வயிறு இருக்கிறதே.

அன்று வாங்கிவந்த கண்ணாடி வீணாகவில்லை. முகமில்லாத அந்தப் படத்துக்கே அதைப் போட்டுக் கொடுக்கச் சொன்னாள். போட்டேன். திரும்ப அலமாரியில் வைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் துடைத்து, நெற்றி இருந்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பல மாதம் நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தேன். கிரீடத்தின் நடுமணிக்கு நேர்கீழே இருக்கவேண்டிய பொட்டு, இடது பக்கம் தள்ளிச் சரிவாக இருந்தது. எனக்குள்ளிருந்த படக்காரன் சும்மா இருக்கவில்லை.

"பொட்டு நடுவுல இல்லியே" என்றேன்.

அவள் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "அது என்னிக்கி நேரா நின்னுச்சி? தலைய சாய்ச்சிக்கினுதான நிக்கும்."

மரக்கால்மேல் ஒன்பது நாள் நின்றவளை நினைத்துப் பார்த்தேன். அவள் கேட்டதெல்லாம் ஞாபகம் வந்தது. திருப்பி நான் என்ன சொன்னேன் என்று யோசித்தேன். தலைய நேரா வை என்பதைத் தவிர வேறொன்றும் சொன்னதாக ஞாபகமில்லை.