முதல் பெயர் கடைசிக்குப் போன நாள்

இருபது வருடமாக வெப்சைட் வேலை பார்க்கிறேன். செய்த வேலையை நினைத்துப் பயந்தது ஒரே ஒரு நாள்தான். அது ஒரு தை மாதம். காலை பத்தரைக்குக் கலியமூர்த்தி சார் போன் செய்தார். குத்தாலம் பக்கத்தில் ஓர் உழவர் குழுவின் செயலாளர் அவர். அன்று காலை ஏழு மணிக்குத்தான் அவர்கள் சைட்டின் தோற்றத்தை மாற்றப் புதுத் தீம் போட்டு முடித்திருந்தேன்.

"ஏம்மா, இன்னிக்கு மொதப் பேரு ஜெயக்கொடிதான், அவங்க வயல்ல மெஷினையே காணும். டிரைவரக் கேட்டா, லிஸ்ட்ல மேல இருக்குற பேருக்குத்தான் வந்திருக்கேங்குறான். நீ என்னத்த மாத்துன?"

"கலரும் எழுத்தும்தான் சார்."

"வெளில வந்து வானத்தப் பாரு. இருட்டிக்கிட்டு வருது."

குழுவுக்கு இருப்பது ஒரே அறுவடை மெஷின். முன்பெல்லாம் யார் வாசலில் கார் நிற்கிறதோ அவர் வயலுக்குத்தான் அது முதலில் போகும். அந்தச் சண்டை முற்றிப் போய்த்தான் சைட்டே வந்தது. கதிர் முற்றியதும் பெயர் பதிய வேண்டும். முதலில் பதிந்தவருக்கு முதலில் மெஷின். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் டிரைவர் காலையில் போனைத் திறப்பார், உச்சியில் இருக்கும் பெயருக்கு வண்டியை விடுவார். வேறு யாரையும் கேட்க மாட்டார்.

பழைய தீமில் போனில் எழுத்து எறும்பு மாதிரி தெரிகிறது என்று ஆளாளுக்குப் புகார். அதனால்தான் மாற்றினேன், அதுவும் அறுப்பு சீசனில். பேக்கப் எடுத்தேன், கலர் பார்த்தேன், போனில் திறந்து பார்த்தேன். சோதனைக்காக என் பெயரையும் ஒரு தடவை பதிந்தேன். பட்டியலின் உச்சியில் வந்து நின்றது. வேலை செய்கிறது என்று சந்தோஷமாக அழித்துவிட்டேன். கடைசியாகப் பதிந்தவள் உச்சிக்கு எப்படி வந்தேன் என்று யோசிக்கத் துப்பில்லை.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. புதிய பதிவை மேலே காட்டுவது தீம்களின் வழக்கம். பழையதை மேலே காட்டச் சொல்லி நாலு வருடம் முன்பு நானேதான் இரண்டு வரி புரோகிராம் கோடு எழுதியிருந்தேன், பழைய தீமின் ஃபைலுக்குள்ளேயே. தீம் போனதும் அதுவும் போயிற்று. வரிசை தலைகீழாகிவிட்டது.

பழைய தீமைத் திரும்பப் போட இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் மெஷின் எட்டு கிலோமீட்டர் தள்ளி, நேற்று சாயங்காலம் பதிந்தவர் வயலில் இறங்கியிருந்தது.

டிரைவர் போனில் கறாராகச் சொன்னார்: "பாதி அறுப்புல விட்டுட்டு வர முடியாதுங்க மேடம். முடிச்சுட்டுத்தான் வருவேன்."

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஜெயக்கொடி அக்காவின் வயலுக்குப் போனேன். ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகை நிலம். கதிர் ஏற்கெனவே தலை சாய்ந்திருந்தது. அது தண்ணீரில் விழுந்து இரண்டு நாள் கிடந்தால் நெல் முளைத்துவிடும். அப்புறம் குத்தகை நெல்லுக்கு அவர் எங்கே போவார்? வரப்பில் நின்று ரோட்டைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தேன். மூன்று மணிக்கு மெஷின் வந்தது. ஐந்து மா முடிந்து ஆறாவதில் இறங்கும்போது மழை கொட்டியது. அந்த ஒரு மா கண்ணெதிரே படுத்துவிட்டது.

கொட்டகையில் ஒதுங்கியபோது உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

"நீ மாத்துனதாம்மா? காலையிலேயே போன்ல பாத்தேன். நேத்து மொதல்ல இருந்த எம்பேரு கடைசியில கெடந்துச்சு."

"ஏன்க்கா, உடனே ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"பெரிய எடத்துல யாரோ கேட்டிருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டேன். நமக்கு எப்பவும் அப்படித்தான?"

என் அம்மாவும் நடவுக்குப் போனவர்தான். அந்தக் குரல் எனக்குத் தெரியும். மழையை விட அதுதான் அன்று என்னைப் பயமுறுத்தியது.

இளையவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. தீமுக்குள் கோடு எழுதாதீர்கள் என்று எந்தப் பாடத்திலும் இருக்கும், அதை அங்கே படித்துக்கொள்ளுங்கள். நான் இப்போது தீம் மாற்றியதும் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போன் போட்டு, "உங்க பேரு எத்தனாவதா தெரியுது?" என்று கேட்கிறேன். பதில் வரும்வரை லேப்டாப்பை மூடுவதில்லை.