கடிதத்தின் பிளாஸ்டிக்கை உரிக்க வலியசாலைக்கு

காலை 5.50, திருநெல்வேலி சந்திப்பு. திருவனந்தபுரத்துக்கு முன்பதிவில்லாத டிக்கெட் அறுபத்தைந்து ரூபாய். தூரம் சுமார் நூற்று நாற்பத்தைந்து கிலோமீட்டர்; சொன்ன நேரத்துக்குப் போனால் மூன்றரை மணி நேரம். வண்டி இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. எங்கள் ஊர்க்காரன் அகலமான கோப்பு ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இந்த வண்டியில் ஏறினால் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆஸ்பத்திரிக்குத்தான் என்று தாங்களாகவே நகர்ந்து இடம் கொடுப்பார்கள். எனக்கும் கொடுத்தார்கள். என் மனைவி செண்பகத்தோடு ஒரு வருடம் முழுக்க இப்படித்தான் போய்வந்தேன். இந்த முறை கோப்பில் ஸ்கேன் படம் இல்லை. அவள் எனக்கு எழுதிய ஒரே கடிதம் இருந்தது. அதை நானே கெடுத்து வைத்திருந்தேன். சரிசெய்ய முடியுமா என்று கேட்கத்தான் இந்தப் பயணம்.

கெடுத்த கதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டவுனில் எனக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை. முப்பது வருடமாகக் காகிதத்தோடுதான் பிழைப்பு. போகிற ஊரிலெல்லாம் கையால் செய்த தாள் எங்கே கிடைக்கும் என்று விசாரித்து, வாங்கிவந்து பீரோவில் அடுக்குவேன். எழுதமாட்டேன்; எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு வைப்பேன். "தாளு என்ன அல்வாவா, எடுத்து எடுத்துத் தடவிப் பாக்கீய?" என்பாள் செண்பகம். திருவனந்தபுரத்தில் அவள் மூன்று வாரம் படுக்கையில் கிடந்தபோது, ஒரு மத்தியானம் சும்மா நடந்துபோய் வலியசாலையில் தாள் செய்கிற ஒரு வீட்டைக் கண்டுபிடித்தேன். தாள் ஒன்று அறுபது ரூபாய் என்று ஆறு வாங்கினேன். அதில் ஒன்றையும் என் மைப்பேனாவையும் அவளிடம் கொடுத்து, ஏதாவது எழுதேன் என்றேன். இரண்டாவது ஆபரேஷனுக்கு முந்தைய நாள் எழுதினாள்.

முன்பக்கம் பதினெட்டு வரி. மாடியில் மோட்டாரை நிறுத்த மறக்காதீர்கள், மகளிடம் கோபப்படாதீர்கள், சட்டைக்குப் பொத்தான் வைத்தாயிற்று என்று வீட்டுச் சமாச்சாரம்தான். பின்பக்கம் மூன்றே வரி. "நல்ல தாளை வீணாக்கிட்டேன்னு ஏசாதிய. பேனா இதுல வழுக்கிக்கிட்டுப் போகுது. நீங்க ஏன் தடவிக்கிட்டே இருக்கியன்னு இப்பத்தான் தெரியுது."

ஆபரேஷனுக்கு அப்புறம் அவள் எழுதவில்லை. பதினோரு நாளில் போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நான் கடையைத் திறந்தேன். எங்கள் பக்கம் எது கெட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறோமோ அதை லேமினேஷன் பண்ணிவிடுவோம். மார்க் ஷீட், ரேஷன் கார்டு, திருச்செந்தூர் முருகன் படம் எல்லாம் அப்படித்தான். என் கடையிலேயே மெஷின் இருக்கிறது. கடிதத்தை எடுத்தேன். கையால் செய்த தாளுக்கு நான்கு ஓரமும் பிசிறு இருக்கும்; அதுதான் அதற்கு அழகு என்று வாடிக்கையாளர்களுக்கெல்லாம் வகுப்பெடுத்தவன் நான். கவருக்குள் நுழையவில்லை என்று அந்தப் பிசிறைக் கத்தரித்துக் குப்பையில் போட்டேன். பிறகு சூட்டில் விட்டு எடுத்தேன். கை பாட்டுக்கு வேலை செய்தது. என்ன செய்தோம் என்று புத்திக்கு எட்டவே ஒரு வாரம் ஆயிற்று.

அடுத்த மழைக்காலத்தில் பிளாஸ்டிக்குக்குள் ஒரு மூலையில் பழுப்புப் புள்ளிகள் வந்தன. பூசணம். மாதாமாதம் எழுத்தை நோக்கி நகர்ந்தது. போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேனே, பிறகென்ன என்று மகள் கேட்டாள். படத்தில் வார்த்தை இருக்கிறது, சரி. செண்பகம் பேனாவை அழுத்தி எழுதுகிறவள். ஒவ்வொரு எழுத்தும் தாளில் சின்னப் பள்ளமாக விழுந்திருந்தது. அதை விரலால் தொட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

7.10. ஆரல்வாய்மொழி தாண்டியது. காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. இந்த இடத்தில் செண்பகம் காதைப் பொத்திக்கொள்வாள். காற்று அப்படி அடிக்கும். நாகர்கோவிலில் தேநீர் பத்து ரூபாய். குழித்துறை தாண்டியதும் பெட்டிக்குள் பாதிப் பேச்சு மலையாளமாகிவிட்டது. பாறசாலையில் மழை பிடித்தது. கோப்பை சட்டைக்குள் செருகிக்கொண்டேன்.

9.45, திருவனந்தபுரம். தம்பானூர் பக்கம் வெளியே வந்து ஆட்டோ ஏறினேன். என் பேச்சைக் கேட்டதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு? நமக்கு வள்ளியூராக்கும். இங்க வந்து பன்னிரண்டு வருஷமாச்சு. ஆஸ்பத்திரிக்குத்தானே?"

"இல்ல, வலியசாலை. முதல்ல பழவங்காடில ஒரு நிமிஷம் நிறுத்துங்க."

"அப்ப பெரிய காரியம்தான், கேட்டோ" என்றார்.

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் விடலை போட்டுவிட்டு வேலையைத் தொடங்குவது இங்கே வழக்கம். சபரிமலைக்குப் போகிறவர்கள், பரீட்சைக்குப் போகிறவர்கள், கழக்கூட்டத்தில் கம்பெனி இன்டர்வியூவுக்குப் போகிற பிள்ளைகள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். தேங்காய் நாற்பது ரூபாய். எனக்குச் சாமி நம்பிக்கை போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. இருந்தாலும் வாங்கி உடைத்தேன். கேட்பதற்கு வேறு ஆள் இல்லை.

10.30, வலியசாலை. கோயிலை ஒட்டிய அக்கிரகாரத் தெருவில் ஒன்றையொன்று ஒட்டிய வீடுகள். தாள் செய்கிற கோமதிக்கு நாற்பது வயதுக்கு மேலிருக்கும். பழைய ஆவணங்களைச் செப்பனிடும் வேலையில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது வீட்டிலேயே தாள் செய்கிறார், கிழிந்த ஏடுகளையும் ஒட்டுகிறார். வேலை நிறைய இருக்கிறது. அன்றைக்கே இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

"வாங்கோ சார். திருநெல்வேலிலேர்ந்து ஃபோன் பண்ணினது நீங்கதானே? செத்த இருங்கோ, இவாளை அனுப்பிச்சுட்டு வரேன்."

காத்திருந்த அரை மணி நேரத்தில், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தேன். கூடம் முழுக்கக் கொடியில் தாள்கள் தொங்கின. பருத்தித் துணியைக் கூழாக்கிச் சல்லடையில் வார்த்த வெள்ளைத் தாள். வாழைநார் கலந்த மங்கல் மஞ்சள். வெளிச்சத்தில் பிடித்தால் நார் ஓடுவது தெரிகிற மெல்லிய தாள். ஓரிடத்தில் உறைகள், நூலால் தைத்த குறிப்பேடுகள், பேனா வைக்கும் அட்டைப் பெட்டிகள். ஒரு தாளை எடுத்து ஓரத்தைச் சுண்டினேன். நல்ல தாள் சுண்டினால் சலசலக்காது, தட்டினாற்போல் ஒரு சத்தம் வரும். வந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு நிமிடம் எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோயிற்று.

கோமதி வந்து கோப்பைத் திறந்தார். ஜன்னலருகே தூக்கிப் பிடித்தார்.

"இது என் தாளாக்கும்! ஐயோ, எந்தக் கடையில பண்ணினா இதை? கொன்னுட்டாளே சார்."

"நான்தாம்மா பண்ணினேன்."

அவர் மூலையிலிருந்த பழுப்புப் புள்ளிகளைப் பிளாஸ்டிக்கின் மேலாக விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நான் அரிசிக் கஞ்சி தடவி, காய்ஞ்சப்பறம் சோழியால தேய்க்கிறேன். அந்த வழவழப்பு கஞ்சிதான். பிளாஸ்டிக்குக்குள்ள ஈரம் மாட்டிண்டா அந்தக் கஞ்சியே பூசணத்துக்குச் சாப்பாடு. இப்படியே விட்டா இன்னும் ரெண்டு மழை தாங்காது."

எழுத்தில்லாத ஒரு மூலையில், பசையைக் கரைக்கும் தின்னர் தொட்ட பஞ்சை வைத்தார். பக்கத்து எழுத்திலிருந்து நீலம் கசிய ஆரம்பித்ததும் சட்டென்று ஒற்றி எடுத்தார். மைப்பேனா மை, தின்னர் ஆகாது. சூடாக்கிய தட்டைக் கத்தியை விளிம்பில் நுழைத்தார். பிளாஸ்டிக் ஒரு நகம் அளவு உரிந்தது. அதோடு தாளின் தோலும் உரிந்து வந்தது.

"பசை உருகி நாருக்குள்ள இறங்கிடுத்து. ஒரு பக்கம் உரிக்கலாம். அப்பறம் காத்து படும், பூசணத்தைத் துடைச்சு எடுத்துடலாம். முன்பக்கம் பிளாஸ்டிக்கிலேயே இருக்கட்டும், பதினெட்டு வரியும் பிழைச்சுக்கும். ஆனா உரிக்கிற பக்கத்து எழுத்து பிளாஸ்டிக்கோடயே போயிடும். பின்பக்கம் மூணு வரிதானே, அல்லே?"

மூணு வரிதான். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன். சாலை பஜார் வரைக்கும் நடந்தேன். ஒரு ஹோட்டலில் சாப்பாடு எண்பது ரூபாய். இலையில் போட்டதைத் தொடவில்லை. மோட்டாரை நிறுத்தச் சொன்னதும் பொத்தான் வைத்ததும் பிழைக்கும். என்னை அவள் புரிந்துகொண்டாள் என்று எழுதிய இடம் போகும். வேண்டாம் என்று திரும்பிப் போய்விட்டால் இரண்டு மழையில் எல்லாமே போகும். கடிதத்தை மெஷினில் விட்ட அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

12.40. திரும்பி வந்து, உரிங்கள் என்றேன். நாற்பது நிமிடம் ஆயிற்று. கத்தி ஒரு அரிசி அளவு நகரும், நிற்கும், மறுபடி நகரும். செண்பகத்தின் எழுத்து ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு மேலே எழும்பியது. 'தடவிக்கிட்டே' என்ற இடத்தில் நார் இரண்டாகப் பிய்ந்து, பாதி வார்த்தை எங்கேயும் இல்லாமல் தூசாகப் போயிற்று. கோமதி கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"மன்னிச்சுக்கோங்கோ, சார்."

"நீங்க என்னம்மா பண்ணுவீங்க."

பூசணத்தைத் துடைத்து, உரித்த பிளாஸ்டிக்கைத் தனியாக ஒரு உறையில் போட்டுக் கொடுத்தார். கூலியாக முந்நூறு ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார். அதே கஞ்சி போட்ட புதுத் தாள் ஒன்றை இனாமாக நீட்டினார். இதுதான் அந்த வழவழப்பு, கூட வைத்துக்கொள்ளுங்கள் என்றார். தொட்டுப் பார்த்தேன். அதே வழவழப்புதான். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன். தாள் வாங்காமல் ஒரு தாள் வீட்டைவிட்டு நான் வெளியே வந்தது அதுதான் முதல் தடவை.

2.55. திரும்பும் வண்டி. ஜன்னலோரம் கிடைத்தது. நேமம் தாண்டியதும் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு கோப்பைத் திறந்தேன். பதினான்கு மாதத்துக்கு அப்புறம் அவள் எழுதிய தாளைத் தொட்டேன். ஒற்றுத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது. பள்ளம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று மேலும் கீழும் விரலை ஓட்டினேன். எழுத்து இருக்கிற பக்கம் விரலுக்கு எட்டாது; எட்டுகிற பக்கத்தில் எழுத்து இல்லை. அழுகை வந்தது. அழுதேன்.

எதிரே குழித்துறைக்காரர் ஒருவர், பலாப்பழச் சாக்கை முழங்காலுக்கு இடையில் பிடித்தபடி, ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காமல் இருக்க முடியவில்லை போலும்.

"என்ன சார், ஒண்ணும் எழுதாத தாளைப் போட்டுத் தடவிட்டு இருக்கீரு?"

"காலைல வரைக்கும் எழுதித்தான் இருந்துச்சு" என்றேன்.