விளக்கு போடாத அரைமணி நேரம்

நேற்று மூன்று மணிக்கே ஏரிப்பக்கம் வானம் கருத்தது. உடனே எங்கள் தெருவிளக்குகள் தாமாகவே எரிந்தன. கம்பத்துக்குக் கம்பம் சென்சார் மாட்டியிருக்கிறார்கள். யாரையும் கேட்காமல் எரியும், அணையும். எனக்கு மட்டும் அதைப் பார்க்கப் பிடிப்பதில்லை. ஏன் என்று உங்களிடம் சொல்வதற்கென்ன.

முன்பெல்லாம் விளக்குப் போடுவது மோகனாவின் வேலை. ஊராட்சித் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவள்தான் தொட்டியடியில் உள்ள பெட்டியைத் திறந்து தெருவிளக்குக்கும் சுவிட்ச் போடுவாள். தொட்டி என் வீட்டுக்கு எதிரே. அந்தப் பெட்டியின் துருவாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. தண்ணீர் வராவிட்டால் ஊர் அவளைத்தான் ஏசும். அவள் திரும்ப ஊரையே கேலி செய்துவிட்டுப் போவாள்.

ஒரு வருடம் ஒரு சிறுகோள், அதாவது விண்வெளியில் அலையும் ஒரு பாறை, பூமிக்குப் பக்கமாகக் கடந்துபோவதாகச் செய்தி வந்தது. என்னிடம் பழைய தொலைநோக்கி ஒன்று கொல்லையில் கிடந்தது, கேமரா இரவல். பெருமை பேச எனக்கும்தான் என்ன இருந்தது, பத்தாம் வகுப்புக் கணக்கு மார்க்கைத் தவிர? பார்வைக்கு அந்தப் பாறையும் நட்சத்திரம் போல ஒரு புள்ளிதான். ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக நான்கு படமாவது எடுத்தால், நட்சத்திரங்கள் நிற்க, அது மட்டும் நகர்ந்திருப்பது தெரியும். ஏழு மணிக்குத்தான் நன்றாக இருட்டும், ஏழரைக்குள் அது பனைமரங்களுக்குப் பின்னால் இறங்கிவிடும். ஆனால் ஏழு மணிக்குக் கொல்லைச் சுவரோரக் கம்பத்தில் விளக்கும் எரிந்துவிடுமே! இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில், அரைமணி நேரம் மட்டும் விளக்குப் போடாதே என்று மோகனாவிடம் கெஞ்சினேன்.

"கல்லு நம்ம மேல வுழுமாண்ணா?"

"வுழாது. பக்கமா வந்துட்டுப் போயிடும்."

"போறதுக்கு இன்னாத்துக்குப் படம்?" என்று சிரித்தாள். பிறகு பெட்டிச் சாவியை என் கையில் வைத்தாள். "எனக்கு வூட்ல வேல கீது. ஏழரைக்கு நீயே போட்டுடு. ரேவதி கம்பெனி பஸ்ஸு எட்டுக்குத்தான் வரும்."

ரேவதி அவளுடைய மகள். அன்று சனிக்கிழமை. ஓவர்டைம் இல்லாத நாளில் பஸ் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிடும் என்பது இருவருக்குமே நினைவில்லை.

ஏழு, ஏழு ஐந்து, ஏழு பத்து. மூன்று படமும் விழுந்தன. அப்போதுதான் தெருவில் "அம்மா!" என்று ஒரு குரல். குழாய் போடத் தோண்டிய பள்ளம் அங்கே திறந்து கிடந்தது எனக்குத் தெரியும். சாவி சட்டைப்பையில். பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னும் ஐந்தே நிமிடம். குரல் மறுபடியும் கேட்டது. நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான்காவது படத்தை எடுத்துவிட்டுத்தான் ஓடினேன்.

விளக்கைப் போட்டதும் பார்த்தால், பள்ளத்துக்குள் ரேவதி, கணுக்கால் முறிந்து உட்கார்ந்திருந்தாள்.

"கத்தினாளாமே, கேக்கலையாண்ணா?" என்று பிறகு மோகனா கேட்டாள்.

"காதுல வுழலம்மா."

"நீ இன்னா பண்ணுவ. சனிக்கெயம பஸ்ஸு முன்னாடி வரும்னு எனக்குல்ல தோணியிருக்கணும்," என்றாள் மோகனா. விளக்குப் போடாததற்காக ஊராட்சியில் அவளைக் கூப்பிட்டு வைத்துத் திட்டியபோதும், சாவி என்னிடம் இருந்ததை அவள் வாய் திறந்து சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

மாதம் ஒன்று கழித்து அவளே கேட்டாள், படம் வந்ததா என்று. போனில் காட்டினேன். நான்கு புள்ளிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"கடைசிது எத்தினி மணிக்கு எடுத்த?"

"ஏழேகாலுக்கு," என்றேன், பெருமையில் யோசிக்காமல்.

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். மகள் விழுந்து கத்தியது ஏழு பத்துக்கு என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

பிறகு சென்சார் வந்தது, பெட்டியைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ரேவதியின் கால் சரியாகி, கல்யாணமும் ஆயிற்று. மோகனா இப்போது தண்ணீர் மட்டும் விடுகிறாள். பகை ஒன்றும் இல்லை. வாசலில் என்னைப் பார்த்தால் நின்று, "தண்ணி வந்துச்சா சார்?" என்று மரியாதையாகக் கேட்கிறாள்.