வெற்றிலை வைத்து அழைத்த பரிசளிப்பு

என் மகளுக்குப் பரிசு கிடைத்த சேதி வந்தபோது நான் பிள்ளைக்காம்பராவில் இருந்தேன். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. அங்கே நான்தான் பொறுப்பு. ஒருத்தன் பால் போத்தலைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தான். ஒருத்தி தொட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு வரவே மாட்டேன் என்றாள். அந்தக் கூத்துக்கு நடுவில் போன் அடித்தது.

"அம்மா, எங்க பெட்ச்சுல நோயாளி பராமரிப்புக்கு எனக்குத்தான் மொதப் பரிசு. மேல படிக்கப் புலமைப்பரிசிலும் குடுக்குறாங்களாம். அடுத்த மாசம் காலேஜுல விழா."

"அடி என் ராசாத்தி!" என்று நான் போட்ட சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளும் எழுந்து அழ ஆரம்பித்துவிட்டன. அழட்டும் என்று விட்டுவிட்டேன். தாதியர் கல்லூரியில் அவள் சேர்ந்த நாளிலிருந்து நான் மாரியம்மாளிடம் கேட்டுக்கொண்டது பாஸ் மட்டும்தான். முதல் பரிசு என்பது நான் கேட்காமலே ஆத்தா கொடுத்தது.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்படியா?" என்றார். அவ்வளவுதான். அப்புறம் துண்டை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனவர் முகம் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். மலையிலிருந்து குழாயில் விழுகிற ஐஸ் தண்ணீரில் யாராவது அவ்வளவு நேரம் முகம் கழுவுவார்களா? எனக்குத் தெரியாதா அது எதற்கு என்று!

மறுநாளே வெற்றிலை பாக்குத் தட்டைக் கையில் எடுத்தேன். எங்கள் தோட்டத்தில் நல்ல காரியம் என்றால் வாசல் வாசலாகப் போய், வெற்றிலை பாக்கு வைத்து, குங்குமம் கொடுத்து, வாயால் அழைக்க வேண்டும். ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக வீடுகள் உள்ள ஒரு லயத்தில் நாலு காம்பராவுக்குச் சொல்லிவிட்டு ஐந்தாவதைத் தாண்டிப் போய்விட்டால் அந்தப் பகை பேரன் பேத்தி வரைக்கும் நிற்கும். பரிசளிப்புக்கு வெற்றிலை வைப்பார்களா என்று நீங்கள் சிரிக்கலாம். காது குத்துக்கு அழைக்கிறோம், சடங்குக்கு அழைக்கிறோம், கல்யாணத்துக்கு அழைக்கிறோம். பிள்ளை ராத்திரி பகலாகப் படித்து முதல் பரிசு வாங்கினால் மட்டும் அழைக்கக் கூடாதா? எனக்கு அது பிழையென்றே தோன்றவில்லை. யாருக்கும் தோன்றவில்லை. எல்லாரும் கையேந்தி வெற்றிலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

"புலமைப்பரிசிலா? அது அஞ்சாம் வகுப்புல எழுதுறதுதானே அக்கா? இன்னுமா ஒங்க புள்ள அஞ்சாம் வகுப்பு படிக்கிது?" என்று ஒருத்தி கேலி பண்ணினாள்.

"ஆமாண்டி, ஒனக்கு ஊசி போடும்போது கேளு, எத்தனாம் வகுப்புன்னு" என்றேன்.

மீதி இருந்தது ஒரே ஒரு வாசல். எனக்கு அடுத்த காம்பரா. அந்த மதினியும் நானும் பேச்சு வார்த்தை நிறுத்தி மூன்று வருடத்துக்கு மேல். உறவில் மதினி இல்லை. பக்கத்துப் பக்கத்து அடுப்பில் புகை குடித்து வளர்ந்த முறை. என் மகள் தாதியர் கல்லூரிக்குப் போகிறாள் என்றதும் பீலிக்கரையில் அத்தனை பேர் முன்னால் நின்று, "கண் முழிச்சு ஏ.எல். பரீட்சைக்குப் படிச்சதெல்லாம் பீ மூத்திரம் அள்ளத்தானா?" என்று கேட்டவள். நான் சும்மா விடுவேனா? வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். வரிசையில் நின்ற குடங்கள் நிரம்பி வழிந்தும் யாரும் எடுக்கவில்லை, அப்படி ஒரு சண்டை. அன்றோடு சரி.

தட்டோடு அவள் வாசலில் போய் நின்றேன். வழக்கத்தை விட முடியாதே. "மக பரிசு வாங்குது. வந்துருங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். அவளும் கதவைப் பார்த்துக்கொண்டே வெற்றிலையை எடுத்தாள். வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து மகளிடம் பெருமையாகச் சொன்னேன், ரெண்டு லயத்தையும் அழைத்துவிட்டேன், பஸ் பேசியாயிற்று என்று.

"அம்மா, ஒரு ஆளுக்கு ரெண்டு கார்ட்டுதாம்மா. ஒங்களுக்கும் அப்பாவுக்கும் மட்டுந்தான் இடம். யாரக் கேட்டு எல்லாரையும் அழைச்சீங்க?"

எனக்கு வந்ததே கோபம்! "யாரக் கேக்கணும்? நீ பாஸ்மார்க் வாங்குறதுக்கு முன்னாடியே கோயில்ல ஒனக்குத் தேங்கா ஒடைச்ச சனம்டி இது! வச்ச வெத்தலயத் திருப்பி வாங்கிட்டு வரச் சொல்றியா?"

அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. "சரிம்மா, வரட்டும். வெளிய நின்னு பாக்கட்டும். ஆனா அங்க பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் வருவாங்க. சத்தம் போடக் கூடாது. கொலவ கிலவ எதுவும் வேணாம். மாரியம்மா மேல சத்தியம் பண்ணுங்க" என்றாள்.

சத்தியம் பண்ணினேன். ஆனால் போனை வைத்த பிறகு சத்தம் போடக் கூடாது என்ற அந்தச் சொல் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. வெள்ளை உடுப்பு போட்ட பிறகு பிள்ளைக்கு எங்களைப் பார்த்தால் வெட்கமாகிவிட்டதோ? சிநேகிதிகள் முன்னால் எங்கள் சேலையும் எங்கள் பேச்சும் அவளுக்குக் குறைச்சலாகத் தெரிகிறதோ? சமைக்கும்போதும் இதுதான், படுக்கும்போதும் இதுதான். பரிசு பெரிதா, இது பெரிதா என்று கேட்டால் எனக்கு இதுதான் பெரிதாக இருந்தது.

விழா நாளன்று விடிவதற்குள் பஸ் நிறைந்துவிட்டது. பட்டுச் சேலை உள்ளவள் பட்டும், இல்லாதவள் இரவல் பட்டும் கட்டியிருந்தாள். கடைசி சீட்டில் பார்த்தால் அடுத்த காம்பரா மதினி! தலை நிறையப் பூவோடு, ஜன்னலுக்கு வெளியே தேயிலையை அன்றுதான் புதிதாகப் பார்க்கிறவளைப் போல உட்கார்ந்திருந்தாள். நான் எல்லாருக்கும் பொதுவாக எழுந்து நின்று, "ஒருத்தரும் கொலவ போடக் கூடாது. நான் சத்தியம் பண்ணிருக்கேன்" என்று அறிவித்தேன். அது யாருக்கு என்று எல்லாருக்கும் தெரியும். திருவிழாவில் ஆற்றிலிருந்து கரகம் கிளம்பும்போது மதினி போடுகிற குலவை அடுத்த தோட்டம் வரைக்கும் கேட்கும். நாங்கள் எல்லாரும் அவளுக்குப் பிறகுதான் வாய் திறப்போம்.

வட்டவளை வரைக்கும் பாட்டும் கூத்தும்தான். கினிகத்தேனை இறக்கத்தில் வளைவுகள் வந்தன. பாட்டு நின்றது. எலுமிச்சம்பழம் கைமாறியது, தைலம் கைமாறியது, கடைசியில் வாந்தி எடுக்க ஷொப்பிங் பேக்கும் கைமாறியது. எல்லாரிலும் மோசம் மதினிதான். கல்லூரி வாசலில் பஸ் நின்றபோது அவளை இரண்டு பேர் தாங்கித்தான் இறக்கினார்கள். பூவெல்லாம் சரிந்து, முகம் வெளுத்து, காலில் செருப்புகூட இல்லை.

எங்களைப் பார்க்க வேண்டுமே! கசங்கிய பட்டும் கலைந்த தலையுமாக ஒரு பஸ் சனம் அந்தப் பெரிய கேட்டுக்கு முன்னால் நிற்கிறது. காவல்காரர் ஓடி வந்து, "தென்னய் விதரய்!" என்று இரண்டு விரலைக் காட்டினார். ரெண்டு பேருக்கு மட்டும்தானாம். உள்ளேயிருந்து பரிசு வாங்கப் போகிற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து என் மகள் வெள்ளைச் சீருடையில், தலையில் வெள்ளைத் தொப்பியோடு வேகமாக வந்துகொண்டிருந்தாள். ஒரு சொல் கடிந்து பேசினாலும் அந்த இடத்திலேயே பஸ்ஸைத் திருப்பிவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. என்னைத் தாண்டி நேரே மதினியிடம் போனாள்.

"அத்தை, நிமிராதீங்க. அப்படியே என் தோள்ள சாய்ஞ்சுக்கங்க. மூச்ச மெதுவா இழுத்து விடுங்க."

சாய்ந்தவள் சும்மா சாய்ந்தாளா? மிச்சம் மீதி இருந்ததையெல்லாம் அந்த வெள்ளைச் சீருடை மேலேயே கொட்டிவிட்டாள். "ஐயையோ, வெள்ள உடுப்பு! பாவி நான், பாவி!" என்று மதினி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"துணிதானே அத்தை, தொவைச்சாப் போகும். மொதல்ல வாயக் கொப்புளிங்க. தண்ணிய மடக்கு மடக்குனு குடிக்காதீங்க, கொஞ்சம் கொஞ்சமா" என்றாள் என் மகள். முகம் சுளிக்கவில்லை, மூக்கைத் திருப்பவில்லை. ஒரு கை மதினியின் முதுகில் இருந்தது, மற்றக் கை சரிந்த முடியை ஒதுக்கிப் பிடித்திருந்தது. முதல் பரிசு எதற்குக் கொடுக்கிறார்கள் என்று நான் அப்போதுதான் கண்ணால் பார்த்தேன்.

காவல்காரர் மதினியைக் காட்டி, "மே கவுத?" என்று கேட்டார். யார் இது என்று.

"மகே நெந்தா" என்றாள் மகள், நிமிர்ந்து பார்த்து. என் அத்தை என்று. பக்கத்தில் நின்ற சிநேகிதிகளுக்கும் நன்றாகவே கேட்டது. மதினிக்கும் அந்த அளவு சிங்களம் தெரியும். அழுதுகொண்டிருந்தவள் சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டு என் மகளின் முகத்தையே பார்த்தாள்.

உடுப்பு மாற்ற நேரமில்லை. அவளைக் குழாயடியில் நிறுத்தி, சிநேகிதி ஒருத்தி தண்ணீர் ஊற்ற, இன்னொருத்தி தேய்த்துக் கழுவினாள். கறை போயிற்று, ஆனால் முன்பக்கம் முழுதும் ஈரம். காவல்காரர் என்ன நினைத்தாரோ, எங்கள் சனத்தை மண்டபத்தின் பக்கத்து வராந்தாவில் ஜன்னலோரமாக நிற்கச் சொல்லிவிட்டார். நானும் வீட்டுக்காரரும் கார்ட்டைக் காட்டி உள்ளே போய் உட்கார்ந்தோம்.

மேடையில் பேச்சுக்கள் சிங்களத்தில் நடந்தன, இங்கிலீசில் நடந்தன. பாதி புரிந்தது. பரிசு வாங்க ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டார்கள். தேய்த்து மடிப்புக் கலையாத உடுப்பில் எல்லாரும் போனார்கள், எல்லாருக்கும் அளவாகக் கை தட்டினார்கள். அப்புறம் என் மகளின் பெயர். மூன்று தலைமுறையாகப் பெரட்டுக் களத்தில், காலை வேலைக்கு ஆள் பிரிக்கும்போது மட்டும் கூப்பிடப்பட்ட எங்கள் குடும்பத்துப் பெயர், அன்று மைக்கில், அந்தப் பெரிய மண்டபத்தில்! வீட்டுக்காரர் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நசுங்கியது.

எனக்குத் தொண்டை வரைக்கும் குலவை வந்துவிட்டது. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். சத்தியம் சத்தியம்தானே.

அவள் ஈர உடுப்போடு மேடை ஏறி, கேடயத்துக்குக் கை நீட்டிய அந்த நேரத்தில் வராந்தா ஜன்னலிலிருந்து கிளம்பியது பாருங்கள் ஒரு குலவை! எனக்குத் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. அந்தத் தொண்டை யாருடையது என்று எங்கள் மலைக்கே தெரியும். அரை உயிராகப் பஸ்ஸிலிருந்து இறங்கியவளுக்கு எங்கிருந்து வந்ததோ அந்த மூச்சு! அவள் எடுத்துக் கொடுத்ததும் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஜன்னலுக்கு ஜன்னல் குலவை. மண்டபம் முழுதும் திரும்பியது. முன் வரிசைப் பெரியவர்கள் எழுந்தே பார்த்தார்கள்.

மேடையில் என் மகள் அப்படியே நின்றுவிட்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். கை தட்டுகிற சத்தம் கேட்டுத்தான் திறந்தேன். அளவாகத் தட்டிய கைகள் இப்போது அளவில்லாமல் தட்டின. அவள் கேடயத்தை ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

விழா முடிந்து முற்றத்துக்கு வந்தோம். கேடயம் கைமாறிக்கொண்டே போனது. எலுமிச்சம்பழம் பிடித்த கைகளெல்லாம் அதைப் பிடித்துப் பார்த்தன. மதினி சேலைத் தலைப்பால் அதைத் துடைத்து, "எங்க வீட்டுப் புள்ள" என்று காவல்காரரிடம் தமிழிலேயே சொன்னாள். பிறகு என்னிடம் வந்து, "மதினி, அன்னிக்கு நான் பேசுன பேச்சு..." என்று இழுத்தாள். "சரி சரி, வாயக் கழுவியாச்சுல்ல" என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மகள் என் முன்னால் வந்து நின்றாள். முகத்தில் சிரிப்பில்லை. குலவைக்குத்தான் திட்டப் போகிறாள் என்று நானே முந்திக்கொண்டேன். "நான் போடலடி. மாரியம்மா சத்தியமா நான் வாயே தொறக்கல."

"தெரியும்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. "எல்லார் சத்தமும் கேட்டிச்சும்மா. ஒங்க சத்தம் மட்டுந்தான் கேக்கல. மேடையில நின்னு தேடுனேன்."

"நீதானடி வேணாம்ன!"

"நாந்தான் சொன்னேன். அறிவுகெட்டுப் போய்ச் சொன்னேன். இப்பப் போடுங்கம்மா."

எனக்குச் சட்டென்று வரவில்லை. "போடுங்க மதினி, நான் எடுத்துக் குடுக்கிறேன்" என்று அடுத்த காம்பராக்காரி பக்கத்தில் வந்து நின்றாள். மகளின் ஈர உடுப்பு என் பட்டில் ஒட்டியிருக்க, அவளை ஒரு கையால் அணைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். மூன்று வருடமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. கேட்டுக்கு வெளியே ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னொரு தடவையும் போட்டேன்.